நியோமாடல்: உறவில் உள்ள விலை, எடையை ஒரே வினவலில் எடுக்க வழி உண்டா?

வணக்கம் நண்பர்களே, கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். காவேரிப்பட்டினம் பக்கம் எங்கள் சொந்தக்காரர்களுக்கு மாந்தோட்டங்கள் இருக்கின்றன. எந்தத் தோட்டத்துக் காய் எந்த மண்டிக்குப் போனது, அங்கிருந்து எந்தக் கூழ் ஆலைக்குப் போனது என்று பார்க்க ஒரு மென்பொருள் செய்து வருகிறேன். பெங்களூரா ரக மாங்காய் பல கை மாறிப் போவதால், தரவை நோடுகளாகவும் (புள்ளிகள்) அவற்றை இணைக்கும் உறவுகளாகவும் சேமிக்கும் நியோ4ஜே தரவுத்தளம் பொருத்தமாகப் பட்டது. பைத்தானில் இருந்து அதனுடன் நியோமாடல் என்ற நூலகம் (லைப்ரரி) வழியாகப் பேசுகிறேன்.

தோட்டம், மண்டி, ஆலை மூன்றும் நோடுகள். ஒவ்வொரு லோடின் எடை, விலை, தேதியை நியோமாடலில் உறவுக்குப் பண்புகள் சேர்க்க உதவும் ஸ்ட்ரக்சர்டுரெல் மூலம் உறவின் மேலேயே வைத்தேன். ஒரே மண்டிக்குப் பல லோடு போயிருந்தும் ரிலேஷன்ஷிப் மெத்தட் ஒன்றைத்தான் தந்தது. அதை ஆல் ரிலேஷன்ஷிப்ஸ் மெத்தடாக மாற்றியதும் எல்லாம் வந்தன. சரி, அது தீர்ந்தது.

இப்போது சிக்கல் வேகம். தோட்டத்தின் மண்டிகளை எடுக்க ஒரு வினவல், அப்புறம் ஒவ்வொரு மண்டிக்கும் ஒரு வினவல் என்று ஓடுகிறது. ஆலை வரை போனால் நூற்றுக்கணக்கில் பெருகிவிடுகிறது. நியோ4ஜேயின் வினவல் மொழியான சைஃபரில் நேரடியாக எழுதினால் ஒரே வினவலில் முடிகிறது. ஆனால் எல்லாவற்றையும் அப்படியே எழுதினால் நியோமாடல் எதற்கு?

உறவையும் அதன் பண்புகளையும் சேர்த்தே எடுக்க நியோமாடலில் நல்ல வழி உண்டா? இல்லை, லோடையே தனி நோடாக மாற்றிவிடலாமா? எனக்கு இரண்டாவதுதான் சரியென்று தோன்றுகிறது, லோடுக்குத் தரம், வண்டி விவரமும் சேரப்போகிறது. ஆனால் பழைய தரவை மாற்ற வேண்டும். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அடுத்த மாங்காய் சீசனுக்குள் தோட்டக்காரர்கள் கையில் இதைக் கொடுத்துவிட வேண்டும்.