தென்னாப்பிரிக்காவில் நர்ஸ்களுக்கான முதுநிலை பிரைமரி கேர் படிப்பு: மனசை விட்டுப் போகாத ஒரு நோயாளி, எழுதுங்க

சாட்ஸ்வொர்த்காரி:
ஒரு கோகோவுக்கு (சுலு மொழியில் பாட்டி) விடாத இருமல். கிளினிக்கில் யார் பார்த்தாலும் இருமல் மருந்து எழுதி அனுப்பிட்டாங்க. முதுநிலை மாணவி ஒருத்திகிட்ட வந்தப்போ, கோகோ கைப்பையைத் திறந்து பாட்டில் பாட்டிலா மேஜைமேல அடுக்கினாங்க. எல்லாத்திலயும் பாதி மருந்து மிச்சம். "எல்லாம் நீங்க குடுத்ததுதான் சிஸ்டர்." மாணவி ஃபைலைக் கடைசிப் பக்கத்திலேர்ந்து பின்னால புரட்டினா. பிரஷருக்கு எனலாப்ரில் ஆரம்பிச்ச வரி ஒண்ணு. அதுக்கு அடுத்த வரவிலயே "வறட்டு இருமல்"னு எழுதியிருக்கு.

எனலாப்ரில் போட்டா உடம்பில் பிராடிகினின்ங்கிற பொருள் உடையாம தேங்கும். தொண்டை அரிக்கும், சளி வராது. நிறுத்தினா பெரும்பாலும் 1 முதல் 4 வாரத்தில் அடங்கும், சிலருக்கு 3 மாசம்கூட இழுக்கும். இருமல் மருந்து அதை என்ன செய்யும்? லோசார்ட்டன்ங்கிற வேற பிரஷர் மாத்திரைக்கு மாத்தச் சொல்லி டாக்டர்கிட்ட அனுப்பினாங்க. அந்த ஃபைலில் கையெழுத்துப் போட்ட எல்லாருமே மருந்தியல் படிச்சவங்கதான். முந்தின வரியைப் பார்த்தே அடுத்த வரியை எழுதியிருக்காங்க. அதுதான் இன்னும் உறுத்துது.

பீனிக்ஸ்_பகல்ஷிஃப்ட்:
எங்க பக்கம் ஒரு குழந்தை. காய்ச்சல், இருமல். அம்மா "பதினொரு மாசம்"னு சொன்னாங்க. ஒரு நிமிஷத்துக்கு 46 மூச்சு. ஐ.எம்.சி.ஐ. (குழந்தை நோய்களுக்கான சிகிச்சை வழிகாட்டி) கணக்குப்படி 2 மாசத்திலேர்ந்து 12 மாசம் வரை 50-ம் அதுக்கு மேலயும் போனாத்தான் வேகமான மூச்சு. அதனால "சாதாரண சளி"ன்னு பேனா எடுத்தாச்சு. கூட இருந்த மாணவி ரோட் டு ஹெல்த் புத்தகத்தை (குழந்தையோட வளர்ச்சி, தடுப்பூசிப் பதிவு) திறந்து பிறந்த தேதியில விரலை வெச்சா. முதல் பிறந்தநாள் போன வாரமே முடிஞ்சிருக்கு. 12 மாசம் தாண்டினா எல்லை 40. அதே 46 இப்ப நிமோனியா. இருமல் சிரப் போய் அமாக்ஸிசிலின் வந்தது.

எண்ணுறதிலயும் ஒரு விஷயம். 30 விநாடி எண்ணி ரெண்டால பெருக்காதீங்க. ஒரு மூச்சு விட்டுப்போனா ரெண்டாயிடும். சட்டையைத் தூக்கி, குழந்தை அம்மா மடியில அமைதியா இருக்கும்போது முழு நிமிஷம் எண்ணுங்க. அழுதுட்டு இருக்கும்போது எண்ணின எண்ணைக் காகிதத்தில் எழுதவே எழுதாதீங்க.

மாரிட்ஸ்பர்க்_முனி:
சாட்ஸ்வொர்த் அக்கா, கோபிச்சுக்காதீங்க. நம்ம குவாசுலு நட்டாலில் இருமலைப் பார்த்ததும் "எனலாப்ரில்தான்"னு கண்டுபிடிச்சுக் குதிக்கிறதும் ஆபத்து. காய்ச்சல், ராத்திரி வியர்வை, எடை குறைவு மூணையும் கேட்டாச்சா? சளி ஜீன்எக்ஸ்பர்ட் காசநோய்ப் பரிசோதனைக்குப் போச்சா? எச்.ஐ.வி. நிலை தெரியுமா? புதுசா படிக்கிறவங்களுக்குப் புத்திசாலித்தனமான பதில் கிடைச்சதும் சலிப்பான பதிலைத் தேட மனசு வராது. காசநோயும் பிரஷர் மாத்திரையும் ஒரே ஆளுக்கு இருக்கலாம்.

சாட்ஸ்வொர்த்காரி:
சளி போச்சு தம்பி, நெகட்டிவ். மத்த மூணும் இல்லை. அதை எழுதாம விட்டேன், அவ்வளவுதான்.

வெருலம்_வாசுகி:
காவடிக் காலத்தில் வந்த தாத்தா. கையில மஞ்சள் காப்பு கட்டியிருந்தார். கொடியேற்றத்திலேர்ந்து விரதம், பகலில் தண்ணியோட சரி, சாயங்காலம் ஒரு வேளை சாப்பாடு. வியர்த்து, கை நடுங்கி, வார்த்தை குழறுது. மகள் பக்கவாதம்னு பயந்து கூட்டிட்டு வந்தாங்க. காப்பு கட்டின கையிலேயே விரல் நுனியைக் குத்திப் பார்த்தா சர்க்கரை 2.8 மில்லிமோல், ரொம்பக் கம்மி. காலையில கிளிமெபிரைடு, சர்க்கரை மாத்திரை, போட்டிருக்கார். மாத்திரையை விடக்கூடாதுன்னு நாமதானே வருஷம் பூரா சொல்றோம்!

முழுங்க முடிஞ்சதால சர்க்கரைத் தண்ணி குடுத்தாங்க, 15 நிமிஷத்தில் 5.6. தாத்தா எழுந்து உட்கார்ந்து சிரிச்சார். மகள் செருப்பை மாட்டியாச்சு. மாணவி விடலை. மெட்ஃபார்மின் மட்டும்னா வேற கதை. கிளிமெபிரைடு கணையத்தை நாள் முழுக்கத் தூண்டிக்கிட்டே இருக்கும், வயசாகி கிட்னி தளர்ந்தா இன்னும் நீளும். சர்க்கரைத் தண்ணி தீர்ந்ததும் மறுபடி இறங்கும். சாப்பாடு குடுத்து, மணிக்கொரு தரம் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொன்னா. தாத்தாவுக்குக் கோபம், கோயில்ல பஜனை இருக்காம். போற வழியிலேயே 3.1-க்கு இறங்கினது.

தைப்பூசத்துக்கு முன்னாடி வர்ற மாத்திரை நாளிலேயே "விரதம் இருப்பீங்களா"ன்னு நாமே கேட்கணும். சித்திரை மாசக் காவடியான சித்ரா பருவத்துக்கும் அதேதான். அவங்களா சொல்ல மாட்டாங்க, சாமி காரியத்தைத் தடுத்துடுவோம்னு பயம்.

டோங்காட்_மூத்த_சிஸ்டர்:
அகலமான கைக்குச் சின்னப் பட்டை கட்டி பிரஷர் கூடுதலாக் காட்ட, மூணாவது மாத்திரை ஏறின ஒரு அம்மாவை எனக்கு ஞாபகம் இருக்கு. பெரிய பட்டை பூட்டின அலமாரியில் இருந்தது. அது கிடக்கட்டும், ரிஃப்ளெக்டிவ் ஜர்னல் (பார்த்த நோயாளியை அலசி மாணவர்கள் எழுதுற குறிப்பேடு) பத்திச் சொல்லணும். கல்வியாளர் கிப்ஸ் 1988-ல் போட்ட வட்டத்தில் ஆறு கட்டம்: நடந்தது, உணர்ந்தது, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்த திட்டம். பிள்ளைங்க முதல் ரெண்டுக்கு மூணு பக்கம் எழுதி, அலசலுக்கு ரெண்டு வரி வைக்கிறாங்க. மார்க் போறது அங்கதான். அலசலில் மூணு விஷயம் வரணும்: முதலில் எந்த நோய்னு நினைச்சீங்க, எது அதோட பொருந்தலை, எந்தக் கேள்வி முடிவை மாத்திச்சு. அன்னைக்கு ராத்திரியே எழுதணும், ரெண்டு நாள் போனா மூளை கதையைச் சீராக்கிடும். பேர், கோப்பு எண், ஊர் வேண்டாம். ஃபைலை ஃபோனில் படம் எடுக்கவே கூடாது, போப்பியான்னு தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. இன்னொண்ணு: வார்டில் இருபது வருஷம் இருந்தவங்க இங்க வந்து தடுமாறினா வெட்கப்படாதீங்க. நர்சிங் அறிஞர் பென்னர் 1984-லேயே சொல்லியிருக்காங்க, ஒரு இடத்தில் கைதேர்ந்தவர் புது இடத்தில் மறுபடி முதல் படிதான். பாஸ் ஆனதும் மருந்து எழுதலாம்னும் நினைக்காதீங்க. 2005-ம் வருஷ நர்சிங் சட்டத்தோட 56(6)-ம் பிரிவுப்படி வேலை செய்யிற இடத்தில் அனுமதி எழுத்தில் வாங்கணும். சான்றிதழ் வேற, அனுமதி வேற.

மாரிட்ஸ்பர்க்_முனி:
அக்கா, நோயாளியைப் பத்திக் கேட்டா பாடத்திட்டமே வந்துடுச்சு. ஆனா அந்த 56(6) விஷயம் நிறையப் பேருக்குத் தெரியாது, நன்றி. பீனிக்ஸ் சிஸ்டர், ஒரு சந்தேகம். புத்தகத்திலேயே பிறந்த தேதி தப்பா இருந்தா?

பீனிக்ஸ்_பகல்ஷிஃப்ட்:
தடுப்பூசிப் பக்கத்தைப் பாருங்க. 6, 10, 14 வாரத்து ஊசி தேதிகள் இருக்கும். 6 வாரத்து ஊசி தேதியிலேர்ந்து ஆறு வாரம் பின்னால எண்ணினா பிறந்த தேதிக்குக் கிட்டத்தட்ட வரணும். ஊசிக்குத் தாமதமா வந்திருந்தா சில வாரம் முன்ன பின்ன போகும், ஆனா மாசக்கணக்கில் இடிச்சா பிறப்புச் சான்றிதழ் கேளுங்க. அதுவும் இல்லைன்னா, எல்லையில் நிற்கிற குழந்தைக்கு 40-ஐயே வெச்சுக்குங்க.