உதவி: ஒரே ஒரு முறை தோற்ற மெசேஜில் ‘முயற்சி 3’ என்று இருப்பது எப்படி?

கேட்டவர்:
ஒரே புரோகிராமுக்குள் இயங்கும் சிறிய மெசேஜிங் அமைப்பை ஜாவா 21-இல் எழுதுகிறேன். ‘மெசேஜ்’ ஓர் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். அதன் கீழ் டெக்ஸ்ட், பைனரி, கமாண்ட் என மூன்று கிளாஸ்கள். அடையாள எண், டாபிக், ஹெடர்கள், முயற்சி எண்ணிக்கை எல்லாம் மேல் கிளாஸில் இருக்கின்றன. உரையை எடுக்கும் மெத்தடும் அங்கேதான். பைனரி மெசேஜில் அதை அழைத்தால் எக்ஸெப்ஷன் எறிகிறது. அது அசிங்கம் என்று எனக்கே தெரிகிறது, ஆனால் இப்போதைய தலைவலி வேறு.

ஒரு டாபிக்குக்கு இரண்டு கன்ஸ்யூமர்கள் (மெசேஜைப் பெற்றுக் கையாளும் பகுதிகள்). மூன்று முறை தோற்றால்தான் மெசேஜ், கையாள முடியாதவற்றை ஒதுக்கிவைக்கும் டெட் லெட்டர் வரிசைக்குப் போக வேண்டும். லாகில் பார்த்தால் இரண்டாவது கன்ஸ்யூமர் ஒரே முறைதான் தோற்றிருக்கிறது. மெசேஜோ நேராக டெட் லெட்டரில் கிடக்கிறது. த்ரெட் சிக்கலாக இருக்கும் என்று எண்ணிக்கையை அடாமிக் இன்டீஜராக (பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் கூட்டினாலும் கணக்குத் தவறாத எண்) மாற்றினேன். முன்பு எப்போதாவது நடந்த தவறு இப்போது தவறாமல் நடக்கிறது.

மறுமொழி 1:
மூன்று கிளாஸ்கள் எதற்கு? ஜெனரிக்ஸ் வைத்து ஒரே மெசேஜ் கிளாஸாக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
முயன்றேன். வரிசையிலிருந்து எடுக்கும்போது உள்ளே என்ன வகை என்பது டைப் இரேஷரில் (ஜெனரிக்ஸின் வகை விவரத்தைக் கம்பைலர் நீக்கிவிடுவது) அழிந்துபோயிருக்கிறது. காஸ்ட் போட்டால் கம்பைலர் எச்சரிக்கிறது. எண்ணிக்கைச் சிக்கலும் அப்படியே இருக்கிறது.

மறுமொழி 2:
அடாமிக் இன்டீஜர் சரியாகத்தான் எண்ணுகிறது. இரண்டு கன்ஸ்யூமர்களின் வரிசையிலும் நீங்கள் போட்டிருப்பது ஒரே ஆப்ஜெக்ட்தானே? முதல் கன்ஸ்யூமர் இரண்டு முறை தோற்று 2 ஆக்கிவைத்திருக்கும். இரண்டாவது ஒருமுறை தோற்றதும் 3 ஆகிவிடும். கணக்கில் பிழையில்லை, கணக்கு எழுதிய ஏடுதான் பொது ஏடாகிவிட்டது.

‘வீடு பூட்டியிருந்தது’ என்ற குறிப்பைத் தபால்காரர் கடிதத்துக்குள் எழுதமாட்டார். அனுப்பியவருக்கு அனுப்பும்போதே தெரிந்தவை மட்டும் மெசேஜில் இருக்கட்டும்: அடையாள எண், டாபிக், ஹெடர்கள், உள்ளடக்கம். அதன்பின் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுங்கள். ‘டெலிவரி’ என்று தனிக் கிளாஸ் எழுதி, ஒவ்வொரு மெசேஜுக்கும் கன்ஸ்யூமருக்கு ஒன்று வீதம் உருவாக்குங்கள். மெசேஜைச் சுட்டும் ரெஃபரன்ஸ், முயற்சி எண்ணிக்கை, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை ஆகியவை அதற்குள் போகட்டும்.

ஜாவாவின் மெசேஜிங் ஏபிஐயான ஜேஎம்எஸ்ஸில் ஒப்புகை மெத்தட் மெசேஜிலேயே இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். கிளையன்ட் அக்னாலெட்ஜ் முறையில் ஒரு மெசேஜில் அதை அழைத்தால், அந்த செஷன் அதுவரை பெற்ற எல்லா மெசேஜ்களுக்கும் சேர்த்தே ஒப்புகை போய்விடும். பெயரைப் பார்த்து ஏமாந்தவர்களில் நானும் ஒருவன்.

மறுமொழி 3:
உங்கள் ‘அசிங்கத்துக்கு’ வருகிறேன். பிரிய வேண்டியது மெசேஜ் அல்ல, உள்ளடக்கம். மெசேஜை ஒரே ரெக்கார்டாக்குங்கள் (ஃபீல்டுகளுக்கு வேறு மதிப்பு வைக்க முடியாத தரவுக் கிளாஸ்). உள்ளடக்கத்தை சீல்டு இன்டர்ஃபேஸாக்கி (அதன் கீழ் எவை வரலாம் என்று முன்பே வரையறுத்தது), அதன் கீழ் மூன்று ரெக்கார்டுகள் வையுங்கள். ஜாவா 21-இல் ஸ்விட்ச் நேரடியாக வகையைப் பார்த்தே பிரிக்கும். அதில் டீஃபால்ட் மட்டும் போடாதீர்கள். நாளை நான்காவது வகை சேர்த்தால் விடுபட்ட இடங்களைக் கம்பைலரே காட்டிக்கொடுக்கும். வெளியார் தங்கள் வகைகளைச் சேர்க்க வேண்டிய லைப்ரரி என்றால் இது ஒத்துவராது.

பைனரி ரெக்கார்டில் கவனம். பைட் அரேயின் உள்ளே இருப்பதை ரெக்கார்டு ஒப்பிடாது. இரண்டும் ஒரே அரேதானா என்றுதான் பார்க்கும். வெளியே எவராவது அரேயை மாற்றினால் மெசேஜும் மாறும். வாங்கும்போதும் கொடுக்கும்போதும் நகலெடுங்கள், ஈக்வல்ஸையும் ஹாஷ்கோடையும் நீங்களே எழுதுங்கள்.

கேட்டவர்:
டெலிவரியைப் பிரித்ததுமே டெட் லெட்டர் ஒழுங்குக்கு வந்துவிட்டது. கன்ஸ்யூமருக்கு ஒரு த்ரெட்தான் என்பதால் எண்ணிக்கை மறுபடி வெறும் இன்ட் ஆகிவிட்டது! ஹெடர்களைப் பூட்ட, மாற்ற முடியாத நகலைத் தரும் மேப் காப்பிஆஃப் போட்டேன். உடனே நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். பதில் தேவையில்லாத மெசேஜ்களில் ‘ரிப்ளை டு’ ஹெடருக்கு நல் வைத்திருந்தேன், அது நல்லை ஏற்காதாம். இப்போது அந்த ஹெடரையே சேர்ப்பதில்லை.