20 பல், 60 பல் கியர்: மூன்று மடங்கு எங்கே போனது?

எட்டாம் வகுப்பு டீச்சர்:
அறிவியல் கண்காட்சிக்காக எம்.டி.எஃப் பலகையில் நேர்பல் கியர் இரண்டு வெட்டி வாங்கினேன். ஒன்றில் 20 பல், மற்றதில் 60. மாட்யூல் 2, அதாவது ஒரு பல்லுக்கு விட்டத்தில் 2 மி.மீ. பல்லின் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிப் பிள்ளைகளை எண்ண வைத்தேன். சின்னது மூன்று சுற்று சுற்றினால் பெரியது எதிர்த்திசையில் ஒரு சுற்று. அதுவரை சரி.

முறுக்கு விசையில்தான், அதாவது அச்சைச் சுழற்றும் வலுவில்தான், மானம் போயிற்று. இரண்டு கியரிலும் அதனதன் அளவுக்கே அட்டை வட்டம் ஒட்டி, விளிம்பில் நூல் சுற்றி எடை தொங்கவிட்டேன். சின்னதில் 50 கிராம். பெரியது 150 கிராமைத் தாங்கும் என்று கரும்பலகையில் எழுதியே வைத்துவிட்டேன். 70 வைத்ததும் சரிந்துவிட்டது! 50-க்கு 50 வைத்தால்தான் நிற்கிறது. "டீச்சர், கியர் ஏமாத்துது" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். எங்கே தப்பு?

பட்டறைக்காரன்:
கியர் மேல் தப்பில்லை டீச்சர், நூல் சுற்றிய இடம்தான் தப்பு. பல்லும் பல்லும் முட்டுகிற இடத்தில் சின்னது எவ்வளவு தள்ளுகிறதோ, பெரியதுக்கும் அதே விசைதான் கிடைக்கும். ஆனால் அது பெரிய கியரின் மையத்திலிருந்து மூன்று மடங்கு தூரத்தில் தள்ளுகிறது. அதனால்தான் முறுக்கு மூன்று மடங்கு. நீங்கள் எடையையும் அதே தூரத்தில் தொங்கவிட்டு, கிடைத்ததை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டீர்கள்.

இரண்டு கியரின் நடுவிலும் ஒரே அளவு தையல் மெஷின் பாபினை ஒட்டி, அதில் நூலைச் சுற்றுங்கள். இரண்டு நூலும் ஒரே பக்கம் தொங்க வேண்டும். ஒன்று இடம், ஒன்று வலம் என்றால் இரண்டு எடையும் சேர்ந்தே இறங்கிவிடும். நான் பழகுநராக இருந்தபோது இதே தப்பைச் செய்து மேஸ்திரியிடம் திட்டு வாங்கியவன்.

பாலிடெக்னிக் ஆசிரியர்:
இரண்டு கியரின் மையங்களுக்கு இடையிலான தூரத்தையும் பாருங்கள். பற்களின் கூட்டுத்தொகையை மாட்யூலால் பெருக்கி இரண்டால் வகுக்க வேண்டும்: (20+60)×2÷2, அதாவது 80 மி.மீ. கியர் இறுகினால் அரை மி.மீ தள்ளித் துளை போடுங்கள். முடிந்தால் இடையில் ஒரு 30 பல் கியரையும் கோத்துக் காட்டுங்கள். திசைதான் மாறும், மூன்று மடங்கு அப்படியே இருக்கும். என் மாணவர்களே அந்த 30-ஐக் கணக்கில் இழுத்துவிட்டுத் தவிப்பார்கள்.

எட்டாம் வகுப்பு டீச்சர்:
நன்றி அண்ணா, நன்றி சார். பாபின் ஒட்டியதும் 50-க்கு 150 அசையாமல் நின்றது. ஆனால் 150-ஐ மேலே தூக்க 65 கிராம் வேண்டியிருந்தது. அச்சு ஆணியில் மெழுகு தேய்த்தோம், 60-க்கு இறங்கியது. ஏமாத்துது என்றவனே ஸ்கேலோடு வந்து அளந்தான்: சின்ன பக்கம் 30 செ.மீ இறங்கினால் பெரிய பக்கம் 10 செ.மீ-தான் ஏறுகிறது. புத்தகப் பையைத் தூக்க எத்தனை பல் வேண்டும் என்பது அவனுடைய அடுத்த கேள்வி. பாபின் பிய்ந்துவிடும் என்று சொல்லி நிறுத்தி வைத்திருக்கிறேன்.