முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை: தொடரலாமா, நிறுத்தலாமா?

கேள்வி: தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் வணக்கம். பதினேழு வயதாகும் என் மகனுக்கு நெற்றியில் தொடங்கிய பரு, கன்னம், மார்பு, முதுகு என்று பரவி, சட்டையைக் கழற்றும்போது சீழும் இரத்தமும் துணியில் ஒட்டிக்கொண்டு வரும் அளவுக்கு முற்றிவிட்டது. காரைக்குடியில் தோல் மருத்துவரிடம் காட்டினோம். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை 100 மில்லிகிராம் நாளுக்கு ஒன்று, இரவில் தடவ அடாபலீனும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த களிம்பு என எழுதிக் கொடுத்து, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார். மூன்று வாரமாகியும் பெரிய மாற்றம் தெரியவில்லை. களிம்பு தோலை உரிக்கிறது என்று அதை நிறுத்திவிட்டான். மாத்திரையால் நெஞ்சு எரிகிறது என்கிறான். வெறும் வயிற்றில் ஆகாது என்று அவனுடைய அப்பத்தா படுக்கப் போகும் நேரத்தில் பாலோடு கொடுத்துவருகிறார்கள். மருந்துக் கடையில் சீட்டு இல்லாமலே தொடர்ந்து தருவதாகச் சொல்கிறார்கள். என் நாத்தனாரோ, மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் பின்னாளில் எந்த மருந்தும் உடம்பில் பிடிக்காது என்று பயமுறுத்துகிறார். இதற்கிடையே, தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போக வேண்டும் என்றும் பையன் ஆசைப்படுகிறான். என்ன செய்வது?

பதில்: ஓய்வுபெற்ற மருந்தாளுநர், காரைக்குடி

அம்மா, முதலில் மாத்திரை கொடுக்கும் நேரத்தை மாற்றுங்கள். டாக்ஸிசைக்ளினை விழுங்கியவுடன் படுத்தால் அது உணவுக்குழாயிலேயே தங்கிக் கரைந்து, அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடும். உங்கள் மகனுடைய நெஞ்செரிச்சலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். காலைப் பலகாரம் முடிந்ததும் ஒரு பெரிய தம்ளர் நிறையத் தண்ணீரோடு விழுங்கி, குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பாலிலுள்ள கால்சியம் இந்த வகை மருந்துகளைப் பற்றிக்கொண்டு இரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கும் தன்மை உடையது. டாக்ஸிசைக்ளினில் அந்தப் பாதிப்பு சற்றுக் குறைவுதான் என்றாலும் பாலைத் தள்ளி வைப்பதே நல்லது. இரும்புச்சத்து மாத்திரையும், நெஞ்செரிச்சலுக்கென்று நாமாக வாங்கிக் குடிக்கும் அமில முறிவு மருந்தும் இதைவிடக் கூடுதலாகத் தடுக்கும். ஆகவே அவற்றுக்கும் இதற்கும் இடையே சில மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் ஆகாது என்ற அப்பத்தாவின் அக்கறை நியாயமானது. "இட்லி சாப்பிட்ட கையோடு கொடுங்கள்" என்று சொன்னால் அவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

சீட்டில்லாமல் வாங்கவே வாங்காதீர்கள். சட்டப்படி இது மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய மருந்து. எப்போது நிறுத்துவது என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்க முடியாது.

நடைப்பயணத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் எளிதில் சுடும். குன்றக்குடியைத் தாண்டி நாள் முழுவதும் வெயிலில் நடக்கும் பிள்ளைக்குக் கழுத்தும் புறங்கையும் சிவந்து எரியக்கூடும். முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் களிம்பு ஆகியவை அவசியம்.

பதில்: தோல் மருத்துவர், சிவகங்கை மாவட்டம்

மருந்தாளுநர் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் எனக்குக் கூடுதல் கவலை தருவது, களிம்பை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் தொடர்வதுதான்.

பரு உண்டாவதற்குப் பருவ வயதில் சுரப்பிகள் எண்ணெயை அதிகமாகச் சுரப்பது, மயிர்க்கால்கள் அடைபடுவது, அந்த அடைப்புக்குள் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் என்னும் பாக்டீரியா பெருகுவது, அதைத் தொடர்ந்து அழற்சி உண்டாவது ஆகியவை சேர்ந்தே காரணமாகின்றன. டாக்ஸிசைக்ளின் பாக்டீரியாவையும் அழற்சியையும் அடக்கும். எண்ணெய்ச் சுரப்பையும் அடைப்பையும் அது தொடுவதே இல்லை. அடைப்பை நீக்குவது அடாபலீன். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்வதோடு, அது மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெறாமலும் காக்கிறது. எனவே மாத்திரையை மட்டும் விழுங்கினால் தற்காலிகமாக அடங்கிய பரு மறுபடியும் கிளம்பும். எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமிகளும் மிஞ்சும்.

உங்கள் நாத்தனார் பயப்படுவதில் உண்மை இருக்கிறது. பருவின் கிருமி மட்டுமல்லாமல், குடலிலும் தோலிலும் வாழும் மற்றக் கிருமிகளும் எதிர்ப்புத்திறன் பெறுகின்றன. அதனால்தான் இந்த மாத்திரையைப் பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீட்டாமல், அதன்பின் களிம்பை மட்டும் தொடரச் சொல்கிறோம். அதே சமயம், முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியவே ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம் என்பதால், மூன்றாவது வாரத்தில் பலனில்லை என்று கைவிடுவதும் சரியாகாது.

தோல் உரிவதற்கு வழி இருக்கிறது. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு களிம்பே போதும். ஈரப்பதம் காக்கும் களிம்பை முதலில் தடவி, மருந்துக் களிம்பை ஒருநாள் விட்டு ஒருநாள் பூசத் தொடங்கி, பழகிய பிறகு தினமும் பூசலாம். பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுக்கும். வெள்ளைத் தலையணை உறையும் வெள்ளைத் துண்டுமே பயன்படுத்துங்கள். யாராவது "சிவப்பழகு" களிம்பு கொடுத்தால் வாங்காதீர்கள். அவற்றுள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, அதனாலேயே பரு வரும்.

பதில்: பள்ளத்தூர் வாசகி

ஆச்சி, என் மகளுக்கு அசித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக் மாத்திரையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். நிறுத்தியதும் தாடையோரம் பரு வந்துவிடும். பிறகு ஒரு மருத்துவர் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்து, சினைப்பை நீர்க்கட்டிக்கான பரிசோதனை செய்து, ஹார்மோனுக்கு மருந்து கொடுத்தபோதுதான் அடங்கியது. பெண்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கு டாக்ஸிசைக்ளின் பொதுவாகத் தரப்படுவதில்லை.

தேவகோட்டை வாசகி

அனைவருக்கும் நன்றி. இன்றே நேரத்தை மாற்றிவிட்டேன். களிம்பையும் மறுபடி தொடங்கச் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதம் கழித்தும் குணமாகாவிட்டால் என்ன செய்வார்கள்?

தோல் மருத்துவர்

தழும்பு விழும் அளவுக்குக் கடுமையாக இருந்தால் ஐசோட்ரெட்டினாயின் என்ற, வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மாத்திரை பற்றி உங்கள் மருத்துவர் பேசுவார். அதற்கு இரத்தப் பரிசோதனையும் கண்காணிப்பும் வேண்டும். அதை டாக்ஸிசைக்ளினோடு சேர்த்துச் சாப்பிடக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மண்டையோட்டுக்குள் அழுத்தம் உயரும் ஆபத்து உண்டு. இப்போதும், கடும் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, விழுங்கும்போது வலி நீடித்தாலோ, உடம்பில் தடிப்பு எழும்பினாலோ, எட்டு வாரம் ஆகட்டும் என்று காத்திருக்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.