08-ஐ 4-ஆல் வகுத்தால் பாஷ் ஏன் மீதி தரமாட்டேங்குது?

தாராவிவாசி:
தாராவியில ஒரே ரூம்ல நாலு பேர் இருக்கோம். எங்க குழாயில காலைல ஆறு மணிக்குத்தான் தண்ணி. ஒருத்தர் எழுந்து டிரம்மை நிரப்பணும். முறை மாறினா சண்டைன்னு, இந்த மாசம் பழைய லேப்டாப்ல பாஷ்ல (கட்டளைகளை ஓட்டுற நிரல்) ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, க்ரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) அஞ்சு மணிக்கு ஓட விட்டேன். தேதியை 4-ஆல வகுத்து மீதி பார்க்கும். 0 வந்தா நான். 1, 2, 3 மத்தவங்க. யார் முறைன்னு குரூப்புக்கு மெசேஜ் போயிடும்.

ஏழாம் தேதி வரைக்கும் சரியா போச்சு. எட்டாம் தேதி மெசேஜே இல்ல. யாரும் எழுந்திரிக்கல, டிரம் காலி. 8-க்கு மீதி 0, அதாவது என் முறை. வேணும்னே பண்ணிட்டேன்னு மூணு பேரும் முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. லாக்ல பார்த்தா 08 அளவுக்கு மீறின எண்ணுன்னு பிழை. ஒன்பதாம் தேதியும் அதே கதை. பத்துல தானா சரியாயிடுச்சு. எட்டு எப்படிங்க பெருசாகும்?

முலுண்ட்_மணி:
தம்பி, முன்னாடி நிக்கிற 0-தான் காரணம். அப்படி ஆரம்பிச்சா பாஷ் அதை ஆக்டல்னு, அதாவது எட்டடிமான எண்ணுன்னு எடுத்துக்கும். ஆக்டல்ல 0 முதல் 7 வரைதான் இலக்கம். 07 வரை தப்பிச்சது அதனாலதான். பத்தடிமானம்னு நாமே சொல்லிடணும்:
$((10#08 % 4))

செம்பூர்க்காரி:
அது சரிதான், ஆனா மாசக் கடைசியில மறுபடி சண்டை வரும். 31-க்கு மீதி 3, மறுநாள் ஒன்னாம் தேதிக்கு மீதி 1. நடுவுல 0 காணாமப் போச்சு, திரும்பவும் நீங்கதான்! 30 நாள் மாசத்துல 3-ம் சேர்ந்து போகும். தேதியே வேண்டாம். 1970 ஜனவரி 1-லேர்ந்து ஓடின வினாடியை டேட் கட்டளை தரும். ஒரு நாளுக்கு 86400 வினாடி:
$((வினாடி / 86400 % 4))
வகுக்கும்போது பாஷ் பின்னத்தை வெட்டிடும், முழு நாள் மட்டும் நிக்கும். வினாடிங்கற இடத்துல உங்க மாறியை வைங்க.

முலுண்ட்_மணி:
அருமை. ஒன்னு சேர்த்துக்கோ தம்பி. அந்தக் கணக்கு கிரீன்விச் நேரம், நம்ம ஊர்ல காலை 5.30-க்குத்தான் நாள் மாறும். உன் ஸ்கிரிப்ட் அஞ்சுக்கு ஒரு பேர் சொல்லும், ஆறுக்கு மறுபடி ஓட்டினா வேற பேர் சொல்லும். 19800-ஐ முதல்ல கூட்டிடு:
$(((வினாடி + 19800) / 86400 % 4))

தாராவிவாசி:
ரொம்ப நன்றிண்ணா, நன்றிக்கா. மாத்திட்டேன். அதுக்கு முன்னாடி மூணு பேரையும் லேப்டாப் முன்னால உட்கார வச்சு, பழைய கணக்குல 08-ஐ கையால அடிச்சுக் காட்டினேன். பிழை வந்ததை அவங்களே பார்த்தாங்க.