பட்டைக் கட்டைக் கழற்றினேன், கத்தியது ஷேக்கில்: பிக்கப் சஸ்பென்ஷன் கீச்சொலி, எங்கள் அனுபவங்கள்

பொள்ளாச்சியிலிருந்து:

உரமூட்டை ஏற்றவும், மாதம் இருமுறை வால்பாறை சென்று வரவும் நான் வைத்திருப்பது இசுஸு டி-மேக்ஸ் வி-கிராஸ். முன்புறம் சுருள் ஸ்பிரிங், பின்புறம் பட்டைக் கட்டு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளாலான ஸ்பிரிங். சுமை ஏற்றினால் பின்பகுதி தாழ்ந்து, ஆழியாற்றுக்கு மேலே உள்ள நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி அலைபாய்ந்ததால், சென்ற ஆண்டு நான்கு சக்கரங்களுக்குமாக ஓர் ஆஃப்டர்மார்க்கெட் (வண்டி நிறுவனம் அல்லாத வேறு நிறுவனத்தின்) சஸ்பென்ஷன் செட் வாங்கி, வெளியூர்ப் பட்டறை ஒன்றில் பொருத்திக்கொண்டேன். ஓட்டம் உண்மையிலேயே திருத்தமாகிவிட்டது. ஆனால் மூன்றாவது வாரத்தில் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கத்திலிருந்து கீச்சென்ற ஒலி வரத் தொடங்கியது. வண்டி மை போடாத கட்டை வண்டி மாதிரி கத்துகிறதே என்று என் தந்தை திண்ணையில் இருந்தபடியே சொன்னார். அவர் சொன்னதை அன்றே சரியாகக் காதில் வாங்கியிருந்தால் எனக்கு இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

பொருத்திய பட்டறையில் முதலில் புழுதி என்றார்கள், கழுவினோம். பிறகு பட்டைகளின் மீது ஸ்பிரே எண்ணெய் அடித்தார்கள். இரண்டு நாள் ஒலி இல்லை, மூன்றாம் நாள் முன்னைவிடக் கூடுதலாக வந்தது. எண்ணெய் பட்டதும் ஒலி நின்றதால் குற்றம் பட்டைகளுக்கு இடையேதான் என்று நானும் நம்பிவிட்டேன். அந்த ஸ்பிரே பட்டையில் மட்டும் படவில்லை, சுற்றியிருந்த எல்லாவற்றிலும் பட்டது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. உள்ளூர்ப் பட்டைக் கடையில் ஒரு நாள் முழுக்கச் செலவிட்டுக் கட்டைப் பிரித்தோம். பட்டை முனைகளில் உராய்வைக் குறைக்க வைத்திருந்த நைலான் துண்டுகள் புதிது போலவே இருந்தன. மீண்டும் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே அதே கீச்சொலி.

வழி காட்டியது மழை. ஒரு நாள் நல்ல மழையில் வால்பாறையிலிருந்து இறங்கியபோது வண்டி வாயே திறக்கவில்லை; மறுநாள் வெயில் ஏறியதும் பழையபடி கத்தியது. நனைந்தால் நிற்கிறது, காய்ந்தால் வருகிறது என்றால், ஒவ்வோர் இடமாக நனைத்துப் பார்த்தால் இடம் தெரிந்துவிடும் அல்லவா? செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்துக்கொண்டேன். தம்பி மகனைப் பின் பம்பரில் ஏறி நின்று சீராகக் குதிக்கச் சொன்னேன். வண்டி தரையில் நிற்க, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்த பிறகே பக்கவாட்டில் படுத்துப் பார்த்தேன். முதலில் பட்டை முனைகளை நனைத்தேன், மாற்றமில்லை. பட்டைக் கட்டின் முன்முனை வளையமான முன் கண்ணில் உள்ள புஷ்ஷை (போல்ட்டைச் சுற்றியிருக்கும் மெத்தை உருளை) நனைத்தேன், மாற்றமில்லை. பட்டைக் கட்டின் பின்முனையை வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) இணைக்கும் ஆடும் தட்டு இணைப்புதான் ஷேக்கில்; இடப்பக்கம் பின்னால் இருக்கும் ஷேக்கிலின் மேல் புஷ்ஷில் தெளித்ததும், பாதிக் குதியிலேயே ஒலி அறுந்து போயிற்று. ஷேக்கில் தட்டில் விரலை வைத்துப் பார்த்தபோது, காய்ந்த நிலையில் ஒவ்வொரு கீச்சுக்கும் ஒரு நடுக்கம் விரலில் தெரிந்தது. ஒரு முறைக்கு ஓர் இடத்தை மட்டுமே நனைக்க வேண்டும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவசரப்பட்டு எல்லாவற்றையும் நனைத்தால், பட்டறையில் ஸ்பிரே அடித்த கதைதான்.

என் வண்டியில் முன்பு இருந்தவை ரப்பர் புஷ்கள்; இந்தச் செட்டில் வந்தவை பாலியூரிதேன் என்னும் கெட்டியான செயற்கைப் பொருளால் ஆனவை. இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ரப்பர் புஷ் உள் குழாயோடும் வெளி உறையோடும் பிடித்துக்கொண்டு, சுழலாமல் தனக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும். பாலியூரிதேன் புஷ் உள்ளே இருக்கும் எஃகுக் குழாயின் மீது வழுக்கிச் சுழலும். வழுக்குவதற்கு கிரீஸ் இல்லையென்றால், ஈரக்கையால் கண்ணாடியைத் தேய்ப்பது போல ஒட்டி ஒட்டி விடுபடும். அந்த ஒட்டி விடுபடுதல்தான் கீச்சொலி. கழற்றிய புஷ்ஷின் உட்புறம் மெருகேறிப் பளபளத்தது, குழாயின் மீது செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தது. கிரீஸ் ஒரு துளியும் இல்லை. அன்று மாலை, செட் வந்த அட்டைப் பெட்டியில் போட்டு வைத்திருந்த சொட்டுநீர்க் குழாய் இணைப்புகளைக் கொட்டிப் பார்த்தேன். அடியில் நான்கு சிறிய கிரீஸ் பொட்டலங்கள் பிரிக்கப்படாமல் கிடந்தன.

சரிசெய்தது ஒரு காலைப் பொழுது வேலை. சேஸிஸை ஸ்டாண்டுகளில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்குக் கீழே போக வேண்டாம்), அச்சுக்குத் தனியாக ஒரு ஜாக்கி கொடுத்து, ஷேக்கில் போல்ட்டுகளைக் கழற்றினோம். புஷ்களைச் சோப்பு நீரில் கழுவி, துருவை மென்மையான உப்புத்தாளால் தேய்த்தோம். குழாயின் வெளிப்புறத்திலும், ஷேக்கில் தட்டு உரசும் புஷ்ஷின் விளிம்பு முகத்திலும் பொட்டலத்தில் இருந்த சிலிகான் கிரீஸைத் தடவினோம். விளிம்பு முகத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். என் வண்டியில் பாதி ஒலி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண கிரீஸ் போதாதா என்று கேட்பவர்களுக்கு: அது பெட்ரோலிய வகை, அருகில் உள்ள ரப்பர் பாகங்களில் பட்டால் ரப்பர் உப்பி மென்மையாகிவிடும்.

ஓசூரிலிருந்து:

மேலே சொன்ன ரப்பர் முறுக்கத்தை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். என்னுடையது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். முன்புற ஸ்பிரிங்குகளை மாற்றியபின், மெதுவாக மேடு ஏறி இறங்கும்போது பழைய கதவு திறப்பது போன்ற ஒரு நீண்ட முனகல் வந்தது. தண்ணீர் தெளித்தும் நிற்கவில்லை. ஆகவே மேற்பரப்பில் உராயும் ஒலி அல்ல என்று மட்டும் தெரிந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது: ஸ்பிரிங் மாற்றியவர்கள் வண்டியைத் தூக்கிச் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்த நிலையிலேயே கீழ்க்கை (சக்கரத்தை அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க் கரம்) போல்ட்டுகளை முழுவதுமாக இறுக்கியிருக்கிறார்கள். அப்படி இறுக்கினால், தொங்கும் நிலைதான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் அது முறுக்கிக்கொண்டே இருக்கும், ஓடும்போது இன்னும் முறுக்கும். எனக்கு ஒரு புஷ்ஷின் ரப்பர் ஏற்கெனவே கிழிந்திருந்ததால் அதை மாற்றினோம். மற்றவற்றை, வண்டியைப் பட்டறையில் அடியில் நின்று வேலை பார்க்கும் பள்ளத்தின் மேல் நான்கு சக்கரத்திலும் நிற்க வைத்து, போல்ட்டுகளைத் தளர்த்தி, நன்றாக அமுக்கி ஆட்டிவிட்டு, டார்க் ரென்ச்சால் (இறுக்கத்தை அளந்து இறுக்கும் ஸ்பானர்) இறுக்கியதே போதுமானதாக இருந்தது. கீழ்க்கையில் இருப்பவை கேம் போல்ட்டுகள் (திருப்பினால் சக்கரத்தின் கோணம் மாறும் போல்ட்டுகள்) என்பதால், தளர்த்தும் முன் அவற்றின் நிலையைப் பெயின்டால் குறித்துக்கொள்ளுங்கள். அப்படியும் பிறகு அலைன்மென்ட் பார்க்காமல் இருக்க முடியாது.

ரியாத்திலிருந்து:

நான் ஓட்டுவது பாரம் ஏற்றக் கூடுதல் பட்டை போட்ட பிக்கப். எனக்குக் கத்தியது உண்மையாகவே பட்டைகள்தான். ஊர்ப் பழக்கத்தில் பட்டைகளுக்கு இடையே கிரீஸ் தடவினேன். இங்கே காற்றில் பறக்கும் மணல் கிரீஸில் ஒட்டி, உப்புத்தாள் வைத்துத் தேய்த்தது போல ஆகிவிட்டது. கட்டைப் பிரித்து, அழுத்த நீரால் கழுவிக் காயவைத்து, தேய்ந்துபோன முனைத் துண்டுகளை மாற்றி, எண்ணெய்ப் பசை இல்லாத உலர் கிராஃபைட் பூச்சு மட்டும் கொடுத்தபின் ஒலி அடங்கியது.

பொள்ளாச்சியிலிருந்து மீண்டும்:

தனிச் செய்தியில் சிலர் கேட்டதற்குப் பதில். ஷேக்கில் போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதற்குச் செட்டுடன் வந்த தாளில் உள்ள அளவையே பின்பற்றுங்கள். ஒலி வருகிறது என்று கூடுதலாக இறுக்க வேண்டாம். எஃகுக் குழாய் புஷ்ஷைவிட ஒரு மயிரிழை நீளமாக இருக்க வேண்டும், அப்போதுதான் தட்டுகள் குழாயைப் பிடிக்கும், புஷ்ஷை நசுக்காது. வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன், என்னுடையவை சரியாகவே இருந்தன. பட்டைக் கட்டைப் பிரித்து மாட்டியவர்கள் 500 கிலோமீட்டர் ஓடியதும், கட்டை அச்சோடு பிடித்திருக்கும் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். என் வண்டியில் இரண்டு இளகியிருந்தன.

நேற்று வால்பாறை ஏறினேன். பின்னாலிருந்து இன்னும் ஒரு மெல்லிய கிரீச்சொலி வந்ததால், ஒன்பதாவது வளைவில் நிறுத்தி மறுபடியும் குப்பியோடு படுத்தேன். ஷேக்கிலும் பட்டையும் அமைதியாக இருந்தன. பின்கதவின் ரப்பர் கட்டை ஒன்று கழன்று, கதவு தகரத்தில் உரசிக்கொண்டிருந்தது.