23 வாரத்தில் எடுத்த எம்ஆர்ஐ தெளிவில்லை, மறுபடி எப்போது எடுப்பது?

மனைவிக்கு இப்போது 24 வாரம். 20ஆம் வார ஸ்கேனில் குழந்தையின் மூளைப் பக்க அறை (மூளைக்குள் திரவம் இருக்கும் இடம்) 11 மி.மீ. அகலம் இருந்தது. 10-க்குள் இருக்க வேண்டுமாம். இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் சரியாகத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

22ஆம் வாரத்தில் கரு மருத்துவ நிபுணரிடம் மறு ஸ்கேன் எடுத்தோம், 12 மி.மீ. குழந்தையின் தலை மேலே இருந்ததால் உள்வழி (பிறப்புறுப்பு வழி) ஸ்கேன் முடியவில்லை. தொற்றுப் பரிசோதனைகளில் ஒன்றுமில்லை. பனிக்குட நீரில் செய்த மைக்ரோஅரே என்ற குரோமோசோம் பரிசோதனையும் நார்மல்.

அப்புறம்தான் எம்ஆர்ஐ. 1.5 டெஸ்லா காந்த வலிமையுள்ள மெஷின், கான்ட்ராஸ்ட் மருந்து இல்லாமல். குழந்தை அசைந்துகொண்டே இருந்ததில், எங்களுக்கு வேண்டிய, கார்பஸ் கலோசம் தெரியும் மூளை நடுக்கோட்டுப் படங்கள்தான் மங்கிவிட்டன! கார்பஸ் கலோசம் "பகுதி அளவில் இல்லாதிருக்கலாம்" என்பதற்கு மேல் ரிப்போர்ட் எதுவும் சொல்லவில்லை.

ஒரு டாக்டர் உடனே திரும்ப எடுக்கலாம் என்கிறார். இன்னொருவர், மூளை மடிப்புகள் பிந்தித்தான் தெரியும், 30 வாரம் வரை பொறுங்கள் என்கிறார். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் முடிவெடுக்க எங்களுக்கு அவ்வளவு அவகாசம் இல்லை.

இந்த நிலையில் இருந்தவர்களோ, கரு எம்ஆர்ஐ பார்க்கும் ரேடியாலஜிஸ்டுகளோ சொல்லுங்கள்: கார்பஸ் கலோசத்தை உறுதிசெய்ய இப்போதே மறுபடி எடுப்பதா, 30 வாரம் வரை காத்திருப்பதா?